திருகோணமலையும் நாட்கணக்கும்

ஒரு நாளுக்குரிய செய்திகளைத் தொகுத்துத் தருதல் செய்தித்தாள்களுக்கும் நாட்காட்டிகளுக்கும் வழக்கமாகிவிட்டது. இன்ன நாளில் இன்னார் பிறந்தார், இன்ன கப்பல் மூழ்கியது, இன்ன நாட்டில் இன்ன விநோத விழா எடுக்கப்படுகின்றது என்று நாலைந்து வரிகளில் அவை கூறும். வாசிப்போர் சற்றே வியந்துவிட்டு மறுபக்கம் புரட்டுவர். இவை வெறுந் துணுக்குகள், வரலாறு ஆகா என்பது ஆசிரியர் பலரின் கொள்கை. அது பெரும்பாலும் சரியே. ஆயினும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அவ்வூரின் பெயரோடு ஒட்டி வழங்கும் நாட்களை நிறுத்தி, இந்நாள் எங்ஙனம் கிடைத்தது, எக்கணக்கில் எழுதப்பட்டது, ஏன் அந்த மாதத்தில் நிகழ்ந்தது என்று வினவத் தொடங்குவோமாயின் துணுக்கு வரலாறாக மாறுகின்றது.

அவ்வாறு வினவுதற்கு நமது திருகோணமலை மிகப் பொருத்தமான ஊர். கோணேசர் கோயிலின் பஞ்சாங்கம், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த கிரகோரியக் கணக்கு, 1752 ஆம் ஆண்டுவரை ஆங்கிலேயர் விடாது பற்றியிருந்த பழைய யூலியன் கணக்கு, மூதூர், கிண்ணியா முஸ்லிம் மக்களின் பிறைக்கணக்கு, பௌத்தரின் போயா நாட்கள் ஆகிய இத்தனையும் ஒரே துறைமுகத்தைச் சுற்றி வழங்கி வந்துள்ளன. ஒரு நிகழ்ச்சிக்கு நாள் குறிக்கும்போது யாருடைய கணக்கில் குறிக்கின்றோம் என்பது இங்கு சிறிய கேள்வியன்று.

முதலில் நம் நெஞ்சுக்கு மிக அணித்தான நாளை எடுத்துக்கொள்வோம். கோணேசர் கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட நாள் எது? சித்திரைப் புத்தாண்டு நாளிலே, சுவாமி தேரேறி நகர்வலம் போந்த வேளையில், பறங்கிப் படைவீரர் அந்தணர் வேடம் பூண்டு கோயிலுட் புகுந்து கொள்ளையிட்டனர் என்பது நம்மவரிடையே வழங்கும் மரபு. பிற்கால நூல்கள் பலவும், இன்று கைக்கெட்டும் குறிப்புக்கள் பலவும், இந்நாளை 1622 ஏப்பிரல் 14 என்று எழுதுகின்றன. சில 1624 என்று ஆண்டை மட்டும் மாற்றுகின்றன. ஏப்பிரல் 14 என்பதை எவரும் மாற்றுவதில்லை. இதுதான் ஆராயத்தக்கது.

சித்திரைப் புத்தாண்டு என்பது சூரியன் மேடராசியிற் புகும் நாள். பஞ்சாங்கக்காரர் கொள்ளும் சூரிய ஆண்டு கிரகோரிய ஆண்டிலும் சற்று நீண்டது. நாளொன்றின் அறுபதிலொரு பங்களவே வேற்றுமை எனினும், அது ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போம். ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சித்திரை முதல்நாள் ஆங்கில மாதத்திலே ஒருநாள் பின்தள்ளி விழும். இன்று ஏப்பிரல் 14 ஐ ஒட்டி வரும் புத்தாண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஏப்பிரல் 11, 12 ஆம் நாட்களில் வந்தது. நானூறு ஆண்டு பின்னோக்கிச் செல்வோமாயின் ஆறு நாளுக்கு மேற் குறைக்கவேண்டும். ஆகவே 1622 இல் ஆயினும் 1624 இல் ஆயினும் புத்தாண்டு பிறந்தது ஏப்பிரல் 7, 8 ஆம் நாட்களை ஒட்டியேயாம். போர்த்துக்கேயர் 1582 ஆம் ஆண்டிலேயே கிரகோரியக் கணக்கை ஏற்றவராதலின், பழைய கணக்கு என்று சொல்லித் தப்பவும் இடமில்லை. அந்நிகழ்ச்சி புத்தாண்டில் நிகழ்ந்ததாயின் அது ஏப்பிரல் 14 அன்று. ஏப்பிரல் 14 இல் நிகழ்ந்ததாயின் அது புத்தாண்டு அன்று. யாரோ ஒருவர், தம் காலத்துப் புத்தாண்டு ஏப்பிரல் 14 இல் வருவதைக் கண்டு, மரபிலிருந்த புத்தாண்டு நாளை அப்படியே ஆங்கிலத் தேதியாக்கி எழுதிவிட்டார். பின்வந்தோர் அதைப் பார்த்தெழுதினர். இஃது என் ஊகமே; ஆயினும் வேறு விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

ஆண்டைப் பற்றியும் ஒரு சொல். கோயிலை அழித்தவனாகக் கூறப்படும் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா 1618 முதல் 1630 வரை இலங்கையிற் போர்த்துக்கேயப் படைத்தலைவனாக இருந்தவன். இடையிலே 1622, 1623 ஆகிய ஆண்டுகளை ஒட்டி அப்பதவி வேறொருவர் கையில் இருந்தது. கோணமலையிலே கோட்டை எழுந்தது அவன் மீண்டும் பதவி ஏற்றபின், 1624 ஆம் ஆண்டளவில். கோயிற் கற்களைக் கொண்டே கோட்டை கட்டப்பட்டது என்பதை எல்லோரும் ஒப்புவர். கல்லைப் பெயர்த்ததும் கல்லை அடுக்கியதும் அடுத்தடுத்த வேலைகளாகவே இருந்திருத்தல் கூடும். ஆதலின் 1624 என்பதே பொருத்தமானது. இச்செய்திகளை விரித்தெழுதிய குவேறோஸ் பாதிரியார் ஏறத்தாழ அறுபது ஆண்டு கழிந்தபின் கோவாவிலிருந்து எழுதியவர். இலங்கையை அவர் கண்ணாற் கண்டதில்லை. கோட்டை வாயிற் கல்லிலே இணைக்கயல் உருவமும், அதனருகே தேய்ந்த தமிழ் எழுத்துக்களும் இன்றும் உள்ளன. பறங்கியர் வருகையை முன்னறிந்து கூறியதாகப் போற்றப்படும் வாக்கு அதுவே. அக்கல்லில் நாட்குறிப்பு எதுவும் இல்லை.

இவ்வாறு கூறுவதால் நம்மவர் மரபைப் பழித்தேன் என்று எவரும் கருதவேண்டாம். மரபு கூறுவது புத்தாண்டுத் திருநாள் என்பதையே. ஏப்பிரல் 14 என்பது மரபன்று. மரபின்மேற் பிற்காலத்தார் ஒட்டிய தாள். மரபைக் காப்பதாயின் அத்தாளை உரித்தல் வேண்டும்.

நாள் குறிக்கும் ஆசை நம் முன்னோர்க்கும் குறைவின்றி இருந்தது. கவிராசவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னன் திருப்பணி தொடங்கிய காலத்தைக் கலியுகம் 512 ஆம் ஆண்டு, இடப மாதம், திங்கட்கிழமை என்று கிழமை தவறாது கூறுகின்றது. கலி 512 ஆவது கிறித்துவுக்கு முன் இருபத்தாறாம் நூற்றாண்டு. அத்துணைப் பழமையை வரலாற்றாசிரியர் எவரும் ஒப்பமாட்டார். ஆயினும் கோட்டைக்குள்ளே கண்டெடுக்கப்பட்ட வடமொழிச் சாசனத் துண்டொன்று சோடகங்கன் என்பான் கோகர்ணத்துக்கு வந்ததைச் சக வருடம் 1145, அஃதாவது கி. பி. 1223 எனக் குறிப்பதாக அறிஞர் வாசித்துள்ளனர். குளக்கோட்டனும் இச் சோடகங்கனும் ஒருவரே எனக் கொள்வாரும் உளர், மறுப்பாரும் உளர். புலவர் தந்த நாள் மிக நுட்பமானது, ஆனால் நம்பத்தகாதது. கல் தந்த நாளோ துண்டுபட்டது, ஆனால் நம்பத்தக்கது. வரலாறு கற்கும் மாணவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடைத்து.

இனிக் குடாவைக் கடந்து மூதூருக்குச் செல்வோம். ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல் 1659 நவம்பர் 19 இல் மசூலிப்பட்டினத் துறையில் நங்கூரமிட்டு நின்றபோது பெரும் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. பாய்மரம் நாட்டிப் பழுது பார்த்தற்கு அமைதியான துறை வேண்டி அது கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. கப்பற் தலைவர் பெயர் றொபேட் நொக்ஸ். அவர் மகன் பெயரும் றொபேட் நொக்ஸ். அப்போது வயது பத்தொன்பது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையைப் புளியமரம் ஒன்றின் கீழ் இருந்தபோது பிடித்தனர், மகனையும் பிடித்தனர். தந்தை மறு ஆண்டிலே மலைநாட்டிற் காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து 1679 இல் ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழனோடு தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் அச்சான அவர் நூல் அக்கால இலங்கையைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் தலைசிறந்தது. டானியல் டீபோ அதை நன்கு வாசித்தவர்.

மூதூரில் நொக்ஸ் பிடிபட்ட நாள் 1660 ஏப்பிரல் 4 என்று நூல்கள் கூறும். அது நொக்ஸ் அறிந்த நாட்காட்டியில், அஃதாவது பழைய யூலியன் கணக்கில். அந்நூற்றாண்டில் யூலியன் கணக்கு கிரகோரியக் கணக்குக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. எனவே இன்றைய கணக்கில் அந்நாள் ஏப்பிரல் 14! மேலே கோயிலுக்குப் பொருந்தாது என்று நாம் விலக்கிய அதே தேதி இங்கே வேறொருவர் தலையில் வந்து விழுகின்றது. நம் பஞ்சாங்கப்படி அப்போது சித்திரை பிறந்து ஏறக்குறைய ஒரு வாரம். கொட்டியாரத்து மக்கள் புத்தாண்டுப் பலகாரம் உண்டு முடித்த வாரத்திலே, நாட்காட்டியிலே ஏப்பிரல் தொடக்கத்தில் நின்ற அந்த இளைஞர் தம் இளமை முழுவதையும் இழந்தார்.

அவர் தப்பிய நாளைப் பற்றியும் ஒரு சுவையான செய்தி உண்டு. அரிப்பை அடைந்தது 1679 ஒக்ரோபர் 18, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணியளவில் என்று நொக்ஸ் எழுதுகின்றார். பத்தொன்பது ஆண்டு மலைநாட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்தவர்க்கு நாளும் கிழமையும் எப்படி நினைவிருக்கும் என்று ஐயுறுவோர் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தேன். பழைய கணக்கில் ஒக்ரோபர் 18, புதிய கணக்கில் ஒக்ரோபர் 28; அந்நாள் சனிக்கிழமையே. அரிப்புக் கோட்டை வாயிலில் அவரை எதிர்கொண்ட ஒல்லாந்தரின் ஏட்டிலே அன்று 28 ஆம் தேதியாக இருந்திருக்கும்; நொக்ஸின் மனத்திலோ 18. இருவரும் ஒரே சனிக்கிழமையில் நின்றனர். கிழமை மட்டும் எந்த நாட்டாராலும் கலைக்கப்படாத பொதுக்கணக்கு என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமோ?

சுவாமிமலை உச்சியிலே நிற்கும் தூணொன்றைக் காணாத மாணவர் இரார். கோயிற் தூண் என்றே கருதப்படும் அதில் ஒல்லாந்த மொழியிற் பிரான்சினா வான் றீட் என்னும் பெண்ணின் பெயரும், 1687 ஏப்பிரல் 24 என்னும் நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. காதலனைச் சுமந்த கப்பல் கடலில் மறைவதைக் கண்டு அப்பெண் இவ்வுச்சியிலிருந்து பாய்ந்து உயிர் நீத்தாள் என்னும் கதையை ஊரார் எல்லோரும் அறிவர். சென்ற நூற்றாண்டுகளில் ஆங்கில எழுத்தாளர் அதை மிக உருக்கமாகப் பரப்பினர். உண்மை யாது? பிரான்சினா, மைட்றெக்ற் பிரபுவான ஹென்றிக் வான் றீட் என்பாரின் வளர்ப்புமகள். இவ்வான் றீட் மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிப் பன்னிரண்டு பெருந் தொகுதிகளில் வெளிவந்த நூலை ஆக்குவித்தவர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் மேலதிகாரியாய்க் கீழைநாடுகளைச் சுற்றிப் பார்த்தவர். அவர் 1691 டிசெம்பரிற் கடலில் இறந்து சூரத்திலே அடக்கம் செய்யப்பட்டபோது பிரான்சினா உயிரோடு உடனிருந்தார். இறந்ததாகக் கதை கூறும் நாளுக்கு நான்கு ஆண்டுக்குப் பின்! ஆகவே தூணிலுள்ளது இறந்த நாளன்று. பெருங்குடிப் பெண் ஒருத்தியின் வருகை நினைவாகத் தூண் நிறுத்தப்பட்ட நாள் என்று கொள்வதே நேர். ஆனால் கல்லில் ஒரு பெண் பெயரும் ஒரு நாளும் இருந்து, அருகே முந்நூறு அடிக்கு மேல் ஆழமும் கடலும் இருக்குமாயின், மக்கள் மனம் இடைவெளியைக் கதையால் நிரப்பாது விடாது. இராவணன் வெட்டு என்று நாம் காட்டும் பிளவுக்கு அணித்தாகவே அத்தூண் நிற்பதும் கருதத்தக்கது. பாறை எல்லார் கதையையும் தாங்கும்.

இதுவரை கூறியவை நாள் குறித்தலின் சிக்கல்கள். இனி வருவது வேறு. திருகோணமலையின் போர் நாட்களை வரிசையாக எழுதுங்கள். 1782 சனவரி 11 இல் ஆங்கிலேயர் ஒஸ்ரன்பேர்க் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அவ்வாண்டே ஓகஸ்ட் 25 இல் பிரெஞ்சுக் கடற்தளபதி சுப்றேன் கோட்டைக்கு வடபால் உள்ள குடாவில் நங்கூரமிட்டு, மறுநாள் படையிறக்கி, 30, 31 ஆம் நாட்களில் இரு கோட்டைகளையும் பெற்றுக்கொண்டார். ஆங்கிலத் தளபதி ஹியூஸ் சென்னையிலிருந்து விரைந்து வந்து செத்தெம்பர் 2 இல் எட்டிப்பார்த்தபோது கோட்டையில் பிரெஞ்சுக்கொடி பறந்தது. மறுநாள் துறைக்கு வெளியே பெருங் கடற்போர் நிகழ்ந்தது. வெற்றி எவர்க்கும் இல்லை. பதின்மூன்று ஆண்டு கழிய 1795 இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். பெரிய கோட்டை ஓகஸ்ட் 26 இலும், ஒஸ்ரன்பேர்க் ஓகஸ்ட் 31 இலும் பணிந்தன. சுப்றேன் படையிறக்கிய அதே 26. பணியவைத்த அதே 31.

தற்செயல் என்று நாட்காட்டித் துணுக்கெழுதுவோர் வியந்து நிற்பர். துறைமுகத்தில் வளர்ந்தவர் வியக்கமாட்டார். சோழமண்டலக் கரையிற் சென்னை, புதுச்சேரி, நாகபட்டினம் ஆகிய எவையும் உண்மையான துறைகள் அல்ல. திறந்த கடலில் நங்கூரமிடும் இடங்களே. ஒக்ரோபர் நடுவில் வாடைக்காற்று எழுந்தால் அங்கு நிற்கும் கப்பல்கள் கரையில் மோதி உடையும். ஆதலின் பாய்மரக் காலத்திலே ஆங்கிலக் கடற்படை ஆண்டுதோறும் ஒக்ரோபர் வருமுன் சோழமண்டலக் கரையை விட்டுப் பம்பாய்க்கு ஓடவேண்டியிருந்தது. மீண்டு வர ஏப்பிரல் ஆகும். அந்த இடைக்காலத்தில் வங்கக் கடலில் ஒதுங்கி நிற்கத்தக்க ஒரே துறை நமது உட்டுறைமுகம். அதை வைத்திருப்பவன் ஆறு மாதம் எதிரியில்லாக் கடலை ஆள்வான். எனவே அதைப் பிடிக்க விரும்புவோன் சோழகம் வீசும்போதே, வாடை தொடங்குமுன், பிடித்தாகவேண்டும். ஓகஸ்ட் கடைசி வாரமே அதற்கு எல்லைக்கோடு. திருகோணமலையை இழந்த ஹியூஸ் 1782 ஒக்ரோபரிற் சென்னையில் புயலிற் சிக்கிப் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது இக்கணக்கை மெய்ப்பிக்கின்றது. ஆன் கப்பல் நவம்பரில் பாய்மரம் இழந்து கொட்டியாரத்துக்கு வந்ததும் இதே காற்றின் வேலைதான். நம் மீனவர் வாடை, சோழகம் என்று இரு சொல்லில் அடக்குவதை விளக்கக் கடற்படை வரலாற்றாசிரியர்க்கு அதிகாரம் பல வேண்டியிருக்கின்றது.

இத்தனை குருதி சிந்திப் பிடித்த சுப்றேனுக்கும் அது நிலைக்கவில்லை. அக்கடற்போர் நிகழ்ந்த செத்தெம்பர் 3 க்குச் சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1783 செத்தெம்பர் 3 இல், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. துறைமுகம் மறுபடியும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அதே நாளிற்றான் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலையை இங்கிலாந்து உடன்படிக்கையால் ஏற்றுக்கொண்டது. நமது குடாவில் நடந்த போர் அமெரிக்க விடுதலைப் போரின் ஒரு கிளை என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

பிறந்தநாள்களைப் பற்றிச் சுருங்கக் கூறி மேற்செல்வேன். கோட்டைக்குப் பிரெடரிக் என்னும் பெயர் 1803 இல், யோர்க் கோமகனாகிய இளவரசர் பெயரால் இடப்பட்டது. அவர் இங்கு வந்தவர் அல்லர். வந்தவர் ஆதர் வெல்லெஸ்லி, பின்னாளில் வோட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன். 1800 டிசெம்பரில் வந்து சில வாரம் தங்கினார்; அவர் பெயரால் வழங்கும் வீடு கோட்டையினுள் உள்ளது. இவர் பிறந்தது 1769 மே 1 என்று வழங்கும். ஆனால் டப்ளின் தேவாலயப் பதிவேட்டிலே ஞானஸ்நானம் ஏப்பிரல் 30 எனக் காணப்படுகிறது. பிறக்குமுன் ஞானஸ்நானம் பெற்ற வீரர்! அவர் எகிப்துக்குச் செல்லவேண்டியிருந்த சூசன்னா என்னும் கப்பல் செங்கடலில் மூழ்கிற்று. நோயுற்றமையால் அவர் அதில் ஏறவில்லை. அந்நோய் திருகோணமலையிற் பற்றியது என்று நம்மூர் வழிகாட்டிகள் பெருமையோடு சொல்வதுண்டு. அவர் காய்ச்சலிற் படுத்தது பம்பாயில் என்பதே மெய்.

டிசெம்பர் 16 இன்னும் விநோதமானது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின் பிறந்தது 1775 டிசெம்பர் 16. அவர் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் கடற்படைத் தளபதியாய் 1852 ஒக்ரோபர் 7 இல் பர்மாவின் ஐராவதி ஆற்றிலே வாந்திபேதியால் இறந்து திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். (வெலிங்டன் இறந்தது அதற்கு மூன்று வாரம் முன்னர், அச்செய்தி கடல் கடந்து வருமுன்பே இவர் கண்மூடியிருப்பார்.) விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ்பெற்ற ஆதர் சி. கிளார்க் பிறந்ததும் டிசெம்பர் 16, 1917 இல். அவரும் மைக் வில்சனும் 1956 ஐ ஒட்டிச் சுவாமிமலை அடிக்கடலில் மூழ்கி, இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டு உலகுக்கு அறிவித்தனர். ஒரே நாளிற் பிறந்த இருவரில் ஒருவர்க்கு இங்கே தம்பியின் கல்லறை, மற்றவர்க்குக் கடலடிக் கோயில். இதற்குக் காற்றும் காரணமன்று, கணக்கும் காரணமன்று. இது வெறுந் துணுக்கே; துணுக்கு என்று அறிந்தே சுவைக்கலாம்.

இத்துறையின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கம்மியரால் மலையாளத்துத் தேக்கில் கட்டப்பட்டு 1817 ஒக்ரோபர் 12 இற் கடலில் இறக்கப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் மிதக்கின்றது. பேரரசு போயிற்று, தேக்கு நிற்கின்றது.

மீண்டும் ஏப்பிரல். 1942 ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படை, நாலாம் நாள், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சற்றுப்பின் திருகோணமலையைத் தாக்கிற்று. வாடையும் அடங்கிச் சோழகமும் தொடங்காத தெளிந்த வானம். விமானங்கள் தாய்க்கப்பலில் ஏறி இறங்கத்தக்க பருவம். காற்று இங்கும் நாட்குறித்தது. துறையும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. மேட்டுநிலத்து எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்றன்மேல் ஜப்பானிய விமானம் ஒன்று மோதி வீழ, அத்தாங்கி எரிந்து உருகிற்று. உருகிய இரும்பு இன்றும் கிடக்கின்றது. தாக்குதலுக்குத் தப்பவேண்டுமென்று முதல்நாளிரவே துறையை விட்டு வெளியேற்றப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதில் மட்டும் 307 பேர் மாண்டனர். உடன் சென்ற அவுஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும் தப்பவில்லை. அன்றே பிலிப்பைன் தீவின் பட்டானில் அமெரிக்கப் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது.

புத்தாண்டுக்கு இன்னும் நான்கு நாளே இருந்தன. அவ்வாண்டு சித்திரை பிறந்தது ஏப்பிரல் 13 இல். கோயிலைப் பொறுத்தவரை நம் மரபு நினைவுகூரும் பேரிடரும், நகரைப் பொறுத்தவரை மூத்தோர் நினைவுகூரும் பேரிடரும் ஆண்டின் ஒரே முனையிலே, பழைய ஆண்டு முடிந்து புதிய ஆண்டு பிறக்கும் சந்தியிலே, நிற்கின்றன. துறையில் அன்று தீப்பற்றிய சகாயிங் என்னும் சரக்குக் கப்பலை இலங்கைக் கடற்படையினர் 2018 இலேதான் நீரினின்று தூக்கினர்.

அப்போரின் பின் நிகழ்ந்தவை விரைவானவை. 1950 இல் நகரசபையார் கிணறு தோண்டுகையில் மண்ணுள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. பறங்கியர்க்கு அஞ்சி அந்தணர் புதைத்தவை அவை என்று நம்பப்படுகின்றது. ஊர் தோறும் எழுந்தருளிய பின் 1952 இல் அவை மலைமேற் பிரதிட்டை செய்யப்பட்டன. புதுக்கோயிலின் குடமுழுக்கு 1963 இல். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்ரோபர் 15 இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1795 ஓகஸ்டிலிருந்து எண்ணின் நூற்றறுபத்திரண்டு ஆண்டு. இதில் ஒரு வேறுபாடு கவனித்தற்குரியது: தளம் ஒப்படைத்த நாளை நாம் ஆங்கிலத் தேதியால் அறிகின்றோம், திருமேனிகளின் விழாக்களைத் திதியாலும் நட்சத்திரத்தாலும் அறிகின்றோம். அரசின் நாள் ஒருமுறை நிகழ்ந்து ஏட்டிற் படுத்துவிடும். கோயிலின் நாள் ஆண்டுதோறும் எழுந்து வரும். பங்குனி உத்தரமும், சிவராத்திரியை அடுத்து நிகழும் நகர்வலமும், ஆடி அமாவாசையிற் கடலாடுதலும் எந்த ஆங்கிலத் தேதியில் வந்தாலும் அவையே.

இவ்விரு கணக்கும் மோதும் இடம் ஒன்றுண்டு. அது டிசெம்பர். 1964 டிசெம்பர் 22 இல் திருகோணமலையை ஒட்டிக் கரைகடந்த சூறாவளி நம் ஊரைச் சிதைத்து, மேற்கே சென்று அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. நாற்பது ஆண்டும் நாலு நாளும் கழிய, 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து வந்தது. அன்று மார்கழிப் பூரணை. பௌத்தர்க்குப் போயா நாள். மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையூர்கள் எல்லாவற்றிலும் சாவு விழுந்தது.

அரசும் கல்விக்கூடங்களும் ஆண்டுதோறும் டிசெம்பர் 26 இற் காலையில் இரண்டு நிமிடம் மௌனம் காக்கின்றன. அந்நாளை எல்லாச் சமயத்தாரும் ஒரு சேர ஏற்றுள்ளனர்; அதற்கு முன் இத்துறையைச் சுற்றி வாழும் எல்லோர்க்கும் பொதுவான துக்கநாள் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த சைவ வீட்டில் திவசம் கொடுப்பது அன்றன்று. மார்கழிப் பூரணைத் திதி என்றைக்கு வருகின்றதோ அன்றைக்கு. அது ஆண்டுக்கு ஆண்டு முன்னும் பின்னும் நகரும். சிலவேளை டிசெம்பர் நடுவில் வரும், சிலவேளை தைப்பொங்கலை நெருங்கி வரும். பக்கத்துத் தெருவில் அதே அலையில் மகனை இழந்த முஸ்லிம் தாய்க்குப் பிறைக்கணக்கு இன்னும் வேகமாய் விலகிச் செல்கின்றது. அரசாங்கத்தின் இரண்டு நிமிடத்தில் இவ்விருவரும் கடற்கரையிற் சேர்ந்து நிற்பர். பின் அந்தணர் வந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாளில் ஒருத்தி தன் வீட்டில் தனியே இருப்பாள்.

இவ்வீடுகளின் நாட்களை இதுவரை எவரும் ஒருங்கு தொகுத்ததாக நான் காணவில்லை. கோட்டை விழுந்த நாளுக்கு ஏடு உண்டு. கப்பல் மூழ்கிய மணித்துளிக்கும் ஏடு உண்டு. நிலாவெளியில் இன்ன வீட்டாருக்கு இவ்வாண்டுத் திதி எந்நாள் என்பதை அவ்வூர்க் குருக்களின் பஞ்சாங்க ஓரத்திலே பென்சிலால் எழுதிய குறிப்பிலேதான் பார்க்கவேண்டும்.